சென்ட் கடையில் மூக்கில்லாமல்

சென்ட் விக்கிறவனுக்கு மூக்குதான் மூலதனம். எனக்கு அது போன வருஷம் ஒரு காய்ச்சலோடு போனது, இன்னும் திரும்பவில்லை. உங்களில் சிலருக்கும் போயிருக்கும், அந்த அவஸ்தை தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்று பயந்து, லிட்டில் இந்தியாவில் எங்கள் கடை கவுண்டருக்குப் பின்னால் தினமும் நடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், சும்மாவா?

வலது கை

தினமும் போட்டுக்கொள்ள ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு சென்ட்டில் எது என்று குழம்புகிறவர்களுக்கு எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று அடித்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவோம். ஒரு மணி நேரம் போனால்தான் சென்ட் தன் குணத்தைக் காட்டும்.

பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்படிப் போய்த் திரும்பி வந்து, வலது கையை என் மூக்கருகே நீட்டியது. நான் கண்ணை மூடி ஆழமாக இழுத்து, "அடடா, இதுதான்மா! ஆபீசுக்குக் கச்சிதம்" என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது. "அண்ணே, இப்பத்தான் வாழையிலை சாப்பாடு சாப்பிட்டு வரேன். அது மீன்கறி லா!"

முகம்

அதோடு அபிப்பிராயம் சொல்வதை விட்டேன். மோந்து பார்க்கிறவர் முகத்தை மட்டும் பார்ப்பேன். வகுப்பறைக்கு ஏற்றதாகக் கேட்டு வந்த வாத்தியார் ஒருவர் முதலாவதை மோந்து தலையாட்டினார். இரண்டாவதில் நெற்றிச் சுருக்கமே போய்விட்டது. அதையே எடுத்து நீட்டினேன். "எப்படிப்பா? எது வேணும்னு நான் இன்னும் வாயே தொறக்கலியே!"

பாகான் டாலாம் அக்கா

ஃபேக்டரியில் வேலை செய்யும் அக்கா, பாகான் டாலாமிலிருந்து வந்தவர். இரண்டு பாட்டிலையும் என் பக்கம் தள்ளினார். "காய்ச்சலுக்கப்புறம் எனக்கு ஒரு வாசமும் தெரியல தம்பி. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க மூஞ்சி சுளிக்கிறாங்களோன்னு தினமும் பயமா இருக்கு. நீயே மோந்து சொல்லு."

முதலாளி நாலடி தள்ளி நிற்கிறார். மற்றவர்களிடம் நடிக்கலாம், இவரிடம் மனசு வரவில்லை. "அக்கா, எனக்கும்தான் தெரியல" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி வந்தார். இரண்டையும் மோந்து, மிதமானதை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா போகும்வரை காத்திருந்தேன், அடுத்தது என் சீட்டு கிழியப்போகிறது என்று.

"கடையில சாமி படத்துக்கிட்ட விளக்குல துணி கருகுனப்போ ஒண்ணுமே தெரியாம நின்னியே, அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டேன் லா. முன்னெல்லாம் உனக்குப் பிடிச்சத வர்றவங்க தலையில கட்டுவே. இப்பத்தான் அவங்களுக்குப் பிடிச்சத விக்கிறே. போ, போய் வேலையப் பாரு!" என்றார் முதலாளி.

ஆக, நாளைக்கே மூக்கு திரும்பி வந்தால் அதை முதலாளியிடம் எப்படி மறைப்பது என்பதுதான் இப்போது என் கவலை.