ராக்கம்மாளுக்கு நான் வைத்துக்கொடுத்த கடை

இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் என் மனைவி ராக்கம்மாள் உப்பு ஜாடியைத் திறக்கும்போது ஒரு நொடி நின்றுவிடுகிறாள். உப்பு பொலபொலவென்று உலர்ந்து கிடக்கிறது. பாம்பன் பக்கத்து எங்கள் வீட்டில் உப்பு கசிந்து கட்டியாகிவிடும். கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். சுங்குவார்சத்திரத்துக் காற்றில் கடல் இல்லை. எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. இங்கே முதலில் பார்த்த இரண்டு வீடுகளிலும், "கடல்காரங்களா? கருவாட்டு வாசம் வரும்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் தணிகாசலம் அண்ணன், "ஒய்ஃப் வூட்டு ஆளுங்க இன்னா பண்றாங்க?" என்று கேட்டார். ராமேஸ்வரத்தில் பூஜைச் சாமான் கடை என்று சொன்னேன். என் நெற்றியில் திருநீறு இருந்தது. நம்பி மாடி வீட்டைக் கொடுத்தார்.

ராக்கம்மாள் பன்னிரண்டு வயதிலிருந்து கடல்பாசிக்கு முங்கியவள். சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நீந்தத் தோதாகப் பாதத்தில் கட்டிய தகரத் தட்டு. கடலைக் கும்பிட்டு இறங்கி, பாறை இடுக்கில் பாசி பறித்துவந்து விற்பாள். நான் வேலையில்லாமல் இருந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். அந்தத் தட்டுகளை அவள் இங்கேயும் கொண்டுவந்தாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பரணில் போட்டவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் இருவரையும் கீழே கூப்பிட்டார். ஐ.டி. வேலை பார்க்கும் அவர் மகள் ரேவதி, அப்பா அம்மாவை ஆப்பிரிக்கா கூட்டிப்போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் தான்சானியாக் காடு, பிறகு சான்சிபார் தீவு, அங்கே கடலுக்குள் டைவிங். மேசை நிறையப் படங்கள்.

"சிங்கத்தக் கூட பாத்துக்கலாம்பா, ஜீப்பு கீது. கடலுக்கு இன்னா கீது?" என்றார் அண்ணன் என்னிடம். "உங்கூரு கடல்தானே, நீயே சொல்லு."

ரேவதி சிரித்துக்கொண்டே ஒரு படத்தை நகர்த்தினாள். "இந்த லேடீஸ் கடல்ல வேலை செய்யறதப் போய்ப் பாக்கறதே ஒரு டூராம்."

முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்ற கறுப்புப் பெண்கள். ராக்கம்மாள் படத்தில் விரலை வைத்தாள். "பாசி. குச்சி நட்டு, கயித்துல கட்டி வளக்காக. பாறையில பிடுங்க வேண்டியதில்ல. கை அறுபடாது." அத்தனை சந்தோஷமாக அவள் பேசி நான் இந்த ஊரில் கேட்டதில்லை.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் ரேவதி.

"டிவியில பாத்திருப்பா" என்று நான் முந்திக்கொண்டேன். ராக்கம்மாள் தழும்பேறிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாடிக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டாள். "எங்க கடைக்கு என்ன பேரு? நாளைக்கி கேட்டா சொல்லணும்ல."

மறுநாள் காலை வேலைக்குப் படியிறங்கினேன். குழாயடியில் அண்ணன், துணி ஊறவைக்கும் டப்பில் முகத்தை அமிழ்த்திப் பழகிக்கொண்டிருந்தார். தண்ணீர் மூக்கில் ஏறி இருமினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ராக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அவசரப்படாதீகண்ணே. மூச்ச முழுசா விட்டுட்டு, மெல்ல இழுத்துட்டு முங்குங்க. கண்ண மூடாதீக. தெறந்து பாத்தா பயம் போயிரும்."

அப்படியே செய்தார். நிதானமாக நிமிர்ந்தார். "இன்னாம்மா, சாமான் கடையில இத்தெல்லாமா கத்துக் குட்தாங்க?"

அவள் படியில் நின்ற என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கோபிக்கக்கூட மாட்டார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் டிபன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"ஆமாண்ணே" என்றாள் ராக்கம்மாள். "கோயில் பக்கத்துக் கடையாச்சே. தீர்த்தமாட வாரவுகளுக்குச் சொல்லிக் குடுப்போம்."

என் பொய்யை அவளும் சுமந்தாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, என்னைப்போல் வாடகை வீட்டில் இருப்பவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முருகன் படத்தடியில், துருவைத் தேய்த்துக் குங்குமம் வைத்த அந்தத் தகரத் தட்டுகள் இருந்தன. திருநீற்றுச் சம்புடம் அவற்றின்மேல் இருந்தது. திருநீறு எடுக்கக் கை நீட்டினேன். "ராக்கம்மா, முங்கறேன், ஒரு தபா வந்து பாரும்மா" என்று கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. அவள் இறங்கிப் போனாள். நீட்டிய கை அப்படியே நின்றது.