மகன் நின்ற இடங்கள்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் செக்கிங்கக்கா. மேசைமேல் வந்து விழும் சட்டைகளைப் புரட்டி, தையல் விட்டது, நூல் தொங்குவது, பட்டன் கோணியது எல்லாவற்றையும் பிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. நாளுக்கு அறுநூறு சட்டை, இருபது வருடமாக. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று முதலாளியே சொல்லுவார். அந்த ஆள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவதென்றால் சும்மாவா?

கம்பெனிக்கு ஒரு நாள் லீவு என்றதும், பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். கூட வேலை செய்யும் அயர்ன்காரிக்கும் பட்டன்காரிக்கும் நம்பவே முடியவில்லை. அடுத்த தெருவுக்குப் போவதென்றாலே முட்டி வலி என்பவள், மணிக்கூண்டு, மிருகக்காட்சிசாலை, ஆற்றுப் பாலம் என்று பட்டியலே வைத்திருந்தாள்.

பஸ் கிளம்பிய பிறகு கைப்பையைத் திறந்து ஒன்பது போட்டோக்களை எடுத்தாள். எல்லாம் மகன் அந்த மாதிரி இடங்களில் நின்று எடுத்து அனுப்பியவை. மூன்று வருடத்துக்கு முன் வேலை தேடி அந்த நகரத்துக்குப் போனவன், மாதம் ஒன்றாகத் தபாலில் அனுப்பினான். பின்பக்கம் 'நல்லா இருக்கேம்மா' என்று ஒரு வரி. முகவரி கிடையாது. ஒன்பதாவதோடு நின்றுபோனது.

"எவளோ வந்து மயக்கிட்டா. தொரைக்கு அம்மா நெனப்பு எங்க வரப்போகுது?" என்பாள், கேட்பவர்களிடமெல்லாம். இரண்டு வருடமாகச் சாப்பிட உட்காரும்போது அவனைத் திட்டாத நாளில்லை. கோபம் இருக்கிறவரை பயம் கிட்டே வராதல்லவா, அதனால் விடாமல் திட்டினாள்.

மணிக்கூண்டைச் சுற்றிக் கடைகடையாகப் போட்டோவை நீட்டினாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மிருகக்காட்சிசாலையில் பட்டன்காரி சிங்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, இவள் வாசல் காவலாளியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மூவரும் காலை இழுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

படத்தில் பாலம் முழுசாகத் தெரிந்தது, முன்னால் அவன். அதே மாதிரி பாலம் தெரிகிற இடத்தைத் தேடிக் கரையில் மேலும் கீழும் நடந்தார்கள். கிடைக்கவில்லை.

"என்னக்கா இது? உன் பையன் நடு ஆத்துல நின்னுல்ல போட்டோ எடுத்திருக்கான்," என்றாள் அயர்ன்காரி.

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே படத்தைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். இடது ஓரத்தில் வானத்தில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது. மற்ற எட்டையும் பரபரவென்று புரட்டினாள். எல்லா வானத்திலும் அதே மாதிரி ஒரு தையல். இத்தனை நாள் அவன் முகத்தைத் தவிர எதையும் பார்க்காத பாவி, அதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "இது நெஜப் பாலமில்ல, ரயில் ஸ்டேஷன் எதிர்ல இருக்கற ஸ்டூடியோவுல பின்னாடி தொங்கவிடுற படுதாம்மா. ஊருக்குப் புதுசா வர்றவங்க அங்கதான் எடுப்பாங்க."

ஸ்டூடியோ ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சுவரில் படுதாக்கள் சுருட்டிக் கிடந்தன. ஆணிகளில் வரிசையாக வாடகைச் சட்டைகள். மாதம் ஒரு சட்டை வாங்குகிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தாளே, அந்தச் சட்டைகள்தான். ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. ஒரே நாள்ல பன்னெண்டு படம் யார் எடுப்பாங்க? வேலைக்குப் போற எடத்துல ஒரு வருஷத்துக்கு வெளிய விடமாட்டாங்க, மாசம் ஒண்ணு வீட்டுக்கு அனுப்பணும், இல்லேன்னா அம்மா பயந்துரும்னார்."

"எங்க வேலைன்னு சொன்னானா?"

"சொல்லலம்மா. நானும் கேக்கல."

"பன்னெண்டா?"

"பன்னெண்டுதான். பிரிண்ட் போட்டு மொத்தமா கையில குடுத்தேன்."

அவள் கையிலிருந்ததை மேசைமேல் பரப்பி எண்ணினாள். கம்பெனியில் எண்ணுகிற மாதிரி இரண்டு தடவை எண்ணினாள். ஒன்பது.

"கோவத்துல அனுப்பாம இருந்திருப்பான்க்கா," என்றாள் பட்டன்காரி. சொன்னதை அவளே நம்பவில்லை.

"கவர்ல போட்டு, ஸ்டாம்பும் ஒட்டித் தயாரா வச்சிருப்பான்டி. அவன் அப்படித்தான். வெளிய விடாட்டியும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்பிட்டுதானே இருந்தான்? பத்தாம் மாசம் அதுக்குக்கூட முடியல." படம் எடுக்க உட்காரும் முக்காலியில் பொத்தென்று அமர்ந்தாள். "நான் ரெண்டு வருஷமா அவனத் திட்டிட்டே இருந்தேனே."

ஊர் திரும்பும் ஆறு மணி பஸ்ஸை யாரும் நினைக்கவில்லை. அவள் தலையைத் தூக்கி ஸ்டூடியோக்காரரைக் கேட்டாள்.

"எனக்கு வராத அந்த மூணு படத்துல என்ன சட்டை போட்டிருந்தான்?"