இரண்டாம் பக்கம்

நேற்று கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கல்வராயன் மலையிலிருந்து வந்த ராசாத்தியக்காவின் பழைய தாள் ஒன்றை நகலெடுக்க வேண்டும். மெஷினிலிருந்து வந்த சூடான காகித வாசனை என்னைச் சங்கராபுரத்துப் பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப்போனது.

என் முதல் வேலை அங்கேதான். பிரிண்ட் எத்தனை, ஸ்கேன் எத்தனை, இங்க் மாற்றியது என்றைக்கு என எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருப்பேன். அந்தத் தெருவிலேயே ஒழுங்கான ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு.

அங்குதான் ராசாத்தியக்கா முதலில் வந்தாள். தங்கை அஞ்சலையை வெளிமாநிலத்துக்குத் தையல் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனிப் பெயர் எழுதிய துண்டுத் தாளை நீட்டினாள்.

"நல்ல எடமான்னு பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னாதான் அனுப்புவேன்."

தேடினேன். முதலில் வந்தது கம்பெனியின் சொந்தப் பக்கம். தையல் மெஷின்கள், சிரிக்கும் பெண்கள். அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நீங்களும் முதல் வரியைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

"சீல் வையி."

"இதுக்கு எதுக்குக்கா சீலு?"

"சீல் இல்லாத காயிதத்த எங்கூர்ல யாரு நம்புவா? இன்னாத்துக்குப் படிச்ச நீ?"

சிரித்துக்கொண்டே வைத்தேன். 'இங்கே எடுத்த பிரிண்ட்' என்பதைத் தவிர அந்தச் சீலுக்குப் பொருள் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தாள். அஞ்சலையின் போன் அணைந்து கிடந்தது.

"வூட்ல எல்லாரும் வேணாம்னாங்க. உன் சீலக் காட்டித்தான் அனுப்பிச்சேன்."

அன்றுதான் அதே பெயரை வேறொரு தேடுபொறியில் அடித்தேன். மூன்றாவது வரியில் யாரோ ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: அங்கே போன என் மகள் திரும்பவில்லை, யாரும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நான் முதலில் தேடியதிலும் அது இருந்தது, இரண்டாம் பக்கத்தில். தேதியைப் பார்த்தேன். சீல் வைத்த நாளுக்கு முந்தையது.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு தேடுபொறி, மற்றப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்து அதிகம் கைகாட்டும் பக்கத்தை மேலே ஏற்றும். இன்னொன்று, கேட்ட சொற்கள் அப்படியே இருக்கும் பக்கத்துக்கு முன்னிடம் தரும். விளம்பரம் கொடுத்தவரை இரண்டுமே தலையில் உட்காரவைக்கும். அந்தத் தகப்பனை யாரும் கைகாட்டவில்லை.

இப்போது அந்தச் சென்டர் இல்லை. கடையில் நின்றபடி கம்பெனிப் பெயரைப் போனில் தேடினேன். பட்டியலுக்கு முன்னால், தேடுபொறியே தொகுத்துச் சொன்ன நான்கு வரிப் பதில்: பெண்களுக்கு வேலை தரும் நிறுவனம். கீழே தள்ளிக்கொண்டே போனேன். தகப்பன் எழுதிய தளமே மூடப்பட்டிருந்தது.

"நகல் வந்துச்சா?" என்றாள் ராசாத்தியக்கா. அஞ்சலையைத் தேடித்தரச் சொல்லி இன்னொரு மனு. அதோடு இணைக்கத்தான் இந்தத் தாள்.

வாங்கிப் பார்த்தேன். தையல் மெஷின்கள் வெளுத்துவிட்டன. பெண்களின் முகங்களும் இல்லை. என் சீல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.