உள்ளே ஆள் இல்லாத துணி

பாப்பாரப்பட்டி கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் அல்மாஸ் முதுகலை படிக்கிறாள் என்று தெரிந்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. என்ன படிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மேற்கத்தியக் கலை வரலாறு. ஜாக்கெட் வாங்க வந்த குள்ளம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "மேக்கத்தின்னா எது, ஒகேனக்கல் தாண்டியா?" என்றாள்.

"அதுக்கும் மேக்காலதாங்க. கொஞ்சம் தூரம்" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள் அல்மாஸ்.

நான் நிர்மலா, அவளுடைய வாடிக்கைக்காரி. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு உண்டு. இந்தக் கதையில் அதை அடக்கி வைக்கப்போவதில்லை.

அல்மாஸ் ஊரடங்கு சமயத்தில் முகக்கவசம் தைத்துக்கொண்டே செல்போனில் ஏதோ இலவச வகுப்பு பார்த்திருக்கிறாள். ஐநூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். நீல அங்கி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அங்கி முழங்காலில் மடிந்து மடிந்து தரையில் விழுகிறது. வாத்தியார் அந்த முகத்தின் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, இவள் இதற்கு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று மனதுக்குள் வெட்டிப் பார்த்திருக்கிறாள். கணக்கு உதைத்தது. அன்று பிடித்த பித்துதான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பி.ஏ. பட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வேலை பார்ப்பவர்களுக்காகச் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்தும் ஒரு பெங்களூருக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று பஸ் மாறி மாறி இரண்டு வருடம் போனாள்.

கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியை நல்ல மனுஷிதான். ஆனால் அந்த நீல அங்கியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அல்மாஸ் சொன்னதுமே, "உங்க ஊர்ப் பக்கம் அதியமான்கோட்டைக் கோயில்ல அருமையான சுவரோவியம் இருக்கே, அதை எழுதுங்களேன்" என்றிருக்கிறார். இத்தாலிய ஓவியத்தில் ஒன்றையாவது நேரில் பார்த்ததுண்டா என்றும் கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாரிஸிலிருந்து ஒருத்தி வந்து நம் கோயில் ஓவியத்தை எழுதினால் ஆராய்ச்சி, பாப்பாரப்பட்டிக்காரி மட்டும் பக்கத்து ஊரைத் தாண்டக் கூடாதா? அல்மாஸ் என்னைப்போல் கத்தவில்லை. அதியமான்கோட்டைக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. ஆனா எனக்குக் கேள்வி அங்க இல்லையே" என்றாள்.

அவளுடைய கேள்வி இதுதான். அந்த நீல அங்கிக்குள் ஆளே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. உடம்பின் மேல் கிடக்கிற துணி இப்படி விறைத்துக்கொண்டு நிற்காது. துணியைக் கஞ்சி மாதிரி எதிலோ நனைத்து, ஒரு பொம்மை மேல் போட்டு, காய்ந்த பிறகு பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்றாள். பேராசிரியை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதை ஏற்காவிட்டால், இன்னொரு வருடம் உட்கார்ந்து அதியமான்கோட்டையை எழுத வேண்டும். அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள் அல்மாஸ்.

அவள் கணவன் ஜாவீத் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். தெரிந்த ரெடிமேட் கடையிலிருந்து முழு உருவப் பொம்மையைக் கேட்டு வாங்கி, பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். "பின்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு பஜாரே கேக்குது. இனிமே நீதான் பதில் சொல்லணும்" என்று இறக்கி வைத்தான்.

ஆறு மீட்டர் காட்டன் துணியை மைதாக் கஞ்சியில் முக்கி, பொம்மை மேல் போட்டுக் காய வைத்தாள். காய்ந்ததும் ஓவியத்திலிருந்த மடிப்புகள் அப்படியே எழுந்து நின்றன. பிறகு அதே அளவில் கஞ்சி போடாத துணியை என் மேல் போர்த்தி, ஒரு மணி நேரம் ஆடாமல் உட்காரச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அப்படி உட்கார வைக்கிற பாவத்துக்கு அன்றைக்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. "நீங்க மூச்சு விட்டாலே மடிப்பு மாறுதுங்க அக்கா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தாள். நாற்பது பக்கத்துக்கு மேல் எழுதினாள். அதைத் திருத்திக் கொடுத்தது நான் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நான் காற்புள்ளி மட்டும்தான் போட்டேன்.

வாய்மொழித் தேர்வன்று நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, நான் நம் தமிழில் தருகிறேன். தேர்வாளர் மும்பையிலிருந்து வந்திருந்த வயதானவர். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"களிமண் கரைசல்ல துணியை நனைச்சுப் பொம்மை மேல போட்டு வரைஞ்சாங்க. அந்தக் காலத்து இத்தாலிக்காரங்களே இதை எழுதி வெச்சிருக்காங்க. நீங்க புதுசா எதுவும் சொல்லலையே."

பேராசிரியை மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இரண்டு வருடப் பஸ் பயணமும் ஆறு மீட்டர் துணியும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அல்மாஸ் கேட்டாள்: "அப்ப நான் பாத்தது சரிதானுங்களா?"

"சரிதான். ஆனா பழசு."

"அந்தப் புத்தகத்துப் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்." எழுதிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், மூடியிருந்த ஆய்வேட்டை அவர் முன்னாலேயே திறந்தாள். "நாப்பத்தொண்ணாம் பக்கம், அடிக்குறிப்புங்க. தேவையில்லன்னு மேடம் எடுக்கச் சொன்னாங்க, மனசு வரலை. படத்துல இவ சட்டைக் கையைப் பாருங்க."

அவர் பார்த்தார்.

"முழங்கை உள்பக்கம் பொடிப்பொடியா வரி இருக்குதுங்களா? கஞ்சி போட்ட துணியில இந்த வரி விழாது. புதுத் துணியிலயும் விழாது. ஒரே சட்டையைப் பல நாள் போட்டு, கையை மடக்கி நீட்டி வேலை செஞ்சாத்தான் விழும். ஆல்டருக்கு வர்ற சுடிதார், புர்கா எல்லாத்துலயும் தினமும் பாக்கறேன். முழங்கால் பொம்மையோடதுங்க. கை ஒரு பொம்பளையோடது. வூட்டுல வேலை செஞ்சவ, போட்டிருந்த துணியோடவே வந்து உக்காந்திருக்கா. இதுவும் அந்தப் புத்தகத்துல இருக்குதுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பேராசிரியையும் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நான் படிச்ச வரைக்கும் இல்லை" என்றார் அவர்.

"அப்ப இதை வெச்சு மறுபடியும் முதல்ல இருந்து எழுதறேனுங்க."

"இதையே எழுதுங்க. ஆறு மாசம் எடுத்துக்கோங்க."

"மூணு போதுங்க" என்றாள் அல்மாஸ்.