கௌரியைப் பார்க்கப் பிளேஸ்டோவுக்கு ஒரு நாள்

லண்டனுக்கு ஒருநாள் போய்வர நினைப்பவர்கள், இதில் அரண்மனையையும் மணிக்கூண்டையும் தேட வேண்டாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. 2008 ஜனவரிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பீட்டர்பரோவிலிருந்து கிழக்கு லண்டனில் இருக்கும் பிளேஸ்டோவுக்குப் போய்வந்த கதை இது. போன காரணமும் கொஞ்சம் கூச்சமானது. என்னை வரவேண்டாம் என்று சொன்ன ஒருவரைப் பார்க்கப் போனேன்.

அவர் ரஞ்சி அக்கா. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில், துணையில்லாமல் வந்தவர்களை எல்லாம் ஒரே மேசையில் ஒதுக்கி உட்காரவைத்தார்கள். அங்கே அறிமுகம். யாழ்ப்பாணத்துக்காரர், பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர், வீட்டிலிருந்தே சேலைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார். நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பீட்டர்பரோவில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டவள். பேச்சு ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் போனது. சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு வரும் தொடர், குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் மூன்றரைக்கே வந்துவிடும். அப்போது நான் வேலையில் இருப்பேன். டிஷ் வைக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார். "அதுக்கென்ன, நான் பாத்துச் சொல்லுறன்" என்றார் அக்கா.

சொன்னபடி, திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கே காலுக்கு என் தேநீர் இடைவேளையில் போன் வரும். பத்து நிமிடம் அன்றைய கதை. அக்கா சொல்லும்போது மயிலாப்பூர் மாமியாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் மருமகளைத் திட்டுவார். எங்கள் சொந்தக் கதையை இருவரும் பேசியதே இல்லை. ஆனால் நாள் முழுவதிலும் நான் தமிழ் கேட்பது அந்தப் பத்து நிமிடம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அதை நம்பித்தான் படுக்கையை விட்டு எழுந்தேன்.

டிசம்பர் கடைசியில் கதைக்குள் கௌரி என்று ஒருத்தி வந்தாள். அந்தப் பெரிய வீட்டின் மாடியறைக்குக் குடிவந்தவள். தனி ஆள், தையல் வேலை, டில்லியில் இருக்கும் மகன் போன் செய்வதில்லை. மூன்று வருடமாக அழுதுகொண்டிருந்த கதாநாயகியை மறந்து நான் கௌரிக்காகவே காத்திருக்கத் தொடங்கினேன். எழுதுகிறவருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். ஒருநாள் கௌரி, ஹீட்டரைப் போடுவதா, பில்லை நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பதா என்று யோசித்தாளாம். சென்னையில் ஏது ஹீட்டர் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கதை ஊட்டிக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில், ஒருநாள் லீவு போட்டு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். அக்கா தடுமாறினார். முதல் வாரம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் தடிமன், சளி பிடித்திருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம், "பிறகு பாப்பம், பிள்ளை" என்று போனை வைத்துவிட்டார். நான் போனில் ஒரு குரலாக இருக்கும் வரைதான் வேண்டியவள் போலிருக்கிறது என்று அன்று இரண்டு மணி நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. தைக்க வேண்டிய துணி ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு, சொல்லாமலே கிளம்பினேன்.

காலை 9.48 ரயில், 10.40க்குக் கிங்ஸ் கிராஸ். கூட்ட நேரம் முடிந்தபின் வாங்கும் ஒருநாள் போகவரச் சீட்டு இருபத்திரண்டு பவுண்டு. அங்கிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி பாதையில் பார்க்கிங் போகும் ரயிலில் ஏறினால், மாறாமல் ஈஸ்ட் ஹாம் போகலாம். முப்பத்தைந்து நிமிடம், ஆய்ஸ்டர் அட்டையில் இரண்டு பவுண்டு. இருக்கையில் யாரோ விட்டுப்போன இலவசச் செய்தித்தாளில், அமெரிக்காவில் தொலைக்காட்சி எழுத்தாளர்கள் நவம்பரிலிருந்து வேலைநிறுத்தம் என்று போட்டிருந்தது. இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் முதல் நாளே நின்றுவிட்டனவாம். பகல் தொடர்கள் மட்டும் நிற்கவில்லை. எழுதிவைத்த கையிருப்பு தீர்ந்த பிறகும், யார் யாரோ உட்கார்ந்து எழுதி ஓட்டுகிறார்களாம். நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

பிளேஸ்டோவைத் தாண்டி ஈஸ்ட் ஹாம் வரை போனது, வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கினேன். மரக்கறி ரோல் அறுபது பென்ஸ், சூடாகக் கேட்டு வாங்குங்கள். தொடர்களை டிவிடியில் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில் நுழைந்து, கௌரி வரும் வட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். "கௌரியோ? அப்பிடி ஒரு ஆள் அந்த நாடகத்திலயே இல்லையே, தங்கச்சி."

டிசம்பரில் வந்தவள் என்று விளக்கினேன்.

"டிசம்பர் கடைசியில இருந்து புதுசா ஒண்டும் வரேல்லை. சென்னையிலயும் வசனம் எழுதுறவை வேலைநிறுத்தம். அஞ்சு கிழமையாப் பழசைத்தான் திருப்பித் திருப்பிப் போடுறாங்கள். சனம் வந்து என்னை ஏசுது, நானோ எழுதுறனான்?"

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். மாடியறை, தையல், ஹீட்டர் பில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பெயின்டும் தடிமனும் எதற்கு என்று இப்போது புரிந்தது. மூன்றரை மணிக்கு நான் அங்கே இருந்தால் திரையில் பழைய கதைதான் ஓடும். அதற்குத்தான் பயந்திருக்கிறார். ஐந்து வாரமாக, அந்தப் போன் நின்றுவிடக் கூடாது என்று, தினமும் ஒரு கதை கட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நான்கே கால் தாண்டித்தான் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்தேன். அதுவரை ஈஸ்ட் ஹாமிலேயே இருந்தேன். ஒரு கடையில் மசாலா தோசை, மூன்றரைப் பவுண்டு. தனியாக இருந்ததால் கழிப்பறை வாசல் மேசைதான் கிடைத்தது. தனியாகப் போகிறவர்கள் இரண்டு பேர் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டு, மற்றவர் வரவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அனுபவம் உண்டு.

பிறகு ரயிலில் இரண்டு நிறுத்தம் திரும்பி வந்தால் பிளேஸ்டோ. நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் தெரு. நான்கு பத்துக்கு எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றேன். மேகம் மூடி இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது, திரைச்சீலை இழுக்கவில்லை. அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூலையில் டிவி அணைந்து கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போனை எடுத்தார். என் பையில் போன் அடித்தது.

"இண்டைக்கு ஒரே அழுகைதான்" என்று தொடங்கினார். கௌரியைப் பார்க்க வரட்டுமா என்று தோழி ஒருத்தி கேட்டாளாம், கௌரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லும்போது அக்கா கையை ஆட்டினார். அடுத்து என்ன என்று நடுநடுவே கூரையைப் பார்த்தார்.

"ஏன் வேணாம்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வந்தால் எல்லாம் தெரிஞ்சிடுமெல்லே. பிறகு ஆர் கதைப்பினம் அவளோட?"

தெருவைக் கடந்தேன். "அக்கா, மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க. உங்க வாசல்ல யாரோ தட்டுறாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன்.

காதில் போனோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், திரும்பி டிவியைப் பார்த்தார். "டிவி பழுது. நாலு நாளாப் போச்சு" என்றார். நாலு நாளாகப் பழுதென்றால் இன்றைய கதை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு விநாடிதான் ஆகும். சொன்ன பிறகு அது அவருக்கும் உறைத்துவிட்டது, முகம் காட்டிக்கொடுத்தது. "பரவாயில்லக்கா, டீ இருக்கா?" என்றேன்.

டீ குடித்தோம். டிவிக்கு மேலே ஒரு இளைஞனின் படம் இருந்தது. யார் என்று கேட்டேன். "மகன். பாரிசில. வேலை கூடிப்போச்சாம், ரெலிபோன் எடுக்கிறேல்லை" என்றார். கொண்டுபோன துணிக்கு அளவெடுத்தார். தோளில் நாடாவை வைத்து அழுத்தியபோது, பல மாதமாக என்னை எவரும் தொட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். நான் வாங்கிப்போன ரோலில் இரண்டை எனக்கே கட்டித் தந்தார்.

நீங்கள் போவதானால்: சனி ஞாயிறு வேண்டாம், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடக்க முடியாது. ஜனவரியில் கையுறை கட்டாயம், எதிர்ப் பக்க நடைபாதையில் நிற்கும் உத்தேசம் இருந்தால் இரண்டு சோடிக் காலுறையும். முருங்கைக்காயைத் துணிப்பையில் போட்டால் ரயில் முழுக்க இடிக்கும். செய்தித்தாளைச் சுற்றிக் கொண்டுபோங்கள். யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை ஒரே ஒரு தடவை நம்பாமல் போய்ப் பாருங்கள்.

பிப்ரவரி நடுவில் சென்னையில் வேலைநிறுத்தம் முடிந்தது. அன்று நான்கே காலுக்கு வந்த போனில் அக்காவின் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. புதுக் கதை தொடங்கிவிட்டது என்றார். மாமியார் கோயிலுக்குப் போனதையும், கதாநாயகி அழுததையும், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. போனை வைக்கப் போனார்.

"அது கிடக்கட்டும்க்கா. கௌரியோட மகன் போன் பண்ணானா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்றார் அக்கா. "நாளைக்கும் கேளும்."