மூன்றாவது கீச்சு

காலை ஏழு மணி, மூன்று கீச்சு, தாவீது. கார் அலாரம் மாட்டுகிற தொழிலில் ஒருவனுடைய பிழைப்பைக் கெடுக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கம்பெனியே காரோடு தருகிற அலாரத்தைச் சொல்லவில்லை. ராயப்பேட்டையில் எங்களுடையதைப் போன்ற கடைகளில் பிறகு வாங்கி மாட்டிக்கொள்கிறீர்களே, அதைச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் ஒன்று காரணமில்லாமல் கத்தியிருக்கும். உங்களுக்குத் தூக்கம் மட்டும் போயிருந்தால் நீங்கள் பாக்கியசாலி.

வாசலில் நின்று எண்ணினார்கள்

எங்கள் வாடிக்கையாளர் அண்ணாச்சிக்கு தி.நகரில் ஜவுளிக்கடை, ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. தாவீது அவருடைய டிரைவர். சாந்தோம் பக்கம் குப்பத்து ஆள், வெகுகாலமாக அண்ணாச்சி வீட்டில்தான் வேலை. அலாரம் மாட்டியபோது எல்லோருக்கும் சொல்வதைத்தான் அண்ணாச்சிக்கும் சொன்னேன். ரிமோட்டை அழுத்தித் திறக்கும்போது இரண்டு கீச்சு வந்தால் வண்டியை யாரும் தொடவில்லை. மூன்று வந்தால், பூட்டியிருந்த நேரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே போன் வந்தது. தினமும் காலையில் மூன்று. பக்கத்து வீட்டில் அப்போதுதான் பூட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். சீக்கிரம் வந்து வண்டி துடைப்பதற்காகத் தாவீதிடம் கேட் சாவி ஒன்றும் ரிமோட் ஒன்றும் இருந்தன. நான் போனபோது அண்ணாச்சி, அவர் வீட்டம்மா, மகன், மருமகள் எல்லோரும் போர்டிகோவில் நின்றிருந்தார்கள். தாவீது ரிமோட்டை அழுத்தினான். ஒன்று, இரண்டு என்று எல்லோருடைய உதடும் அசைந்தது. மூன்றாவது வந்ததும் எல்லோரும் தாவீதைப் பார்த்தார்கள். ராத்திரி வண்டியை எங்காவது ஓட்டினானா என்று கிலோமீட்டரைப் பார்த்தீர்களா என்றேன். அண்ணாச்சி சொன்னார்: "பாக்காம இருப்பனா? ஒண்ணுகூட ஏறல. ஓட்டாதவன் எதுக்குத் தம்பி வண்டியத் தொடுதான்?"

துருப்பிடித்த சுவிட்ச்

பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பானெட் திறந்தால் அலாரத்துக்குச் சொல்வது அதன் வேலை. கடல் காற்றில் அது துருப்பிடித்தால் மூடியே இருந்தாலும் திறந்ததாகச் சொல்லும். அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம் எங்களுக்கு வரும் புகாரில் பாதி அதுதான். பார்த்தேன், துரு இருந்தது. மனசுக்குள் நிம்மதியோடு மாற்றினேன். மறுநாள் காலை மீண்டும் மூன்று.

மறுபடி போய் ஒயரையெல்லாம் அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, தாவீது கேட் வரை கூடவே வந்தான். உள்ளே யாரும் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். வேலை போய்விடும் என்று பயப்படுகிறானா என்று கேட்டேன். "வேலை போனா போவட்டும் நைனா, வேற வண்டி கீது. ஸ்டேஷன்ல ஒருவாட்டி பேர எழுதிட்டான்னு வையி, அப்பால எங்க இன்னா காணாப் போனாலும் எங்க வூட்டு கதவத்தான் வந்து தட்டுவான்."

எலுமிச்சம்பழம்

அடுத்த முறை போனபோது நான்கு டயருக்கும் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம் கிடந்தது. முன்னால் மிளகாயும் படிகாரமும் கட்டித் தொங்கின. அண்ணாச்சி வீட்டம்மா வண்டியைக் கபாலி கோயில் வரை கொண்டுபோய் மறுபடி பூஜை போட்டிருந்தார். எல்லாம் முடிந்து வந்து நின்ற மறுநாளும் மூன்றுதான்.

நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, அதிர்வைக் கண்டுபிடிக்கிற சென்சாரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலமாகத் தட்டினால் ஊரைக் கூட்டும், இலேசாகத் தட்டினால் மெதுவாக ஒரு கீச்சோடு விட்டுவிட்டு அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். ஒரு பழுதும் இல்லை. அந்த அம்மா காபியை நீட்டியபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேயா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன் தம்பி. தாவீதுன்னு ஆயிப்போச்சுன்னா, பேரப்பிள்ளைகள இத்தனை நாள் யார்கூட ஸ்கூலுக்கு அனுப்புனேன்னு நெனச்சே நான் செத்துருவேன்."

கடைக்கு வந்த வண்டி

வேறு வழி தெரியாமல் வண்டியை எங்கள் கடைக்கே கொண்டு வந்தேன். இரண்டு ரிமோட்டும் என் பையில். முதல் நாள் காலை இரண்டு கீச்சு. அடுத்த நாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு வந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்களிடம் இருந்தால் இரண்டு, தாவீது இருக்கிற இடத்தில் மூன்று. இதை அண்ணாச்சி எப்படி எடுத்துக்கொள்வார் என்று விளக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகலாம், நீங்களும் கூட வந்து சொல்லுங்கள் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

தாவீது தினமும் போன் செய்து "எத்தினி?" என்று மட்டும் கேட்பான். இரண்டு என்றால் வைத்துவிடுவான். கடையில் என்னோடு வேலை செய்யும் பாஷா, மூன்றாம் நாள் நான் போனை வைத்ததும் பானெட்டை மூடிவிட்டு அதன் மேல் சாய்ந்தான். "மாமா, வண்டி நல்லா கீதுன்னு சொன்னா அவன் செத்தான். கெட்டுப்போய்கீதுன்னு சொன்னா நம்ம கடை செத்துது. நீ இன்னா சொல்லப் போற?"

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல்

ஞாயிறு காலை வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். தாவீது கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். வழக்கமான இடத்தில் நிறுத்திப் பூட்டினேன். ரிமோட்டுகளை அண்ணாச்சியிடம் கொடுத்து, கடையில் இரண்டுதான் என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அப்ப நாளைக்கே போயிருவோம்" என்றார். கொஞ்ச நேரம் வண்டி நிற்கட்டும், பார்க்கலாம் என்று நான் இழுத்தேன்.

உள்ளே பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். பாதியில் தண்ணீர் நின்றுவிட்டதாகக் குரல் வந்தது. அண்ணாச்சி எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். வண்டியின் முன்சக்கரம், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் இரும்பு மூடி மேல் நின்றிருந்தது. மூடி நடுங்கியது. மோட்டார் சத்தத்துக்கு அடியில் ஒரு கீச்சு கேட்டது. அதை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கே சந்தேகமாகத்தான் கேட்டது. அண்ணாச்சியை ரிமோட்டை அழுத்தச் சொன்னேன். மூன்று. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பூட்டித் திறந்தோம். இரண்டு. மறுபடி பூட்டிவிட்டு மோட்டாரைப் போட்டோம். மூன்று.

விடிவதற்கு முன் தினமும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர் அண்ணாச்சிதான். அந்தப் பொறுப்பை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

தாவீதைக் கூப்பிடத் திரும்பினோம். கேட் கொண்டியில் அவனிடம் இருந்த சாவி தொங்கியது. "நாளைக்கே" என்ற சொல் காதில் விழுந்தபோதே போயிருக்க வேண்டும். போன் அணைந்திருந்தது. அண்ணாச்சி அந்தச் சாவியைக் கொண்டியிலிருந்து எடுத்தார். "மோட்டாருங்கிய, சரி, நானும் கண்ணால பாத்தேன். அப்ப அவன் எதுக்கு ஓடினான்?"

காரை ஓரடி முன்னால் தள்ளி நிறுத்தச் சொன்னேன், கீச்சு நின்றது. எங்கள் தொழிலில் சரிசெய்ய முடிந்தது அவ்வளவுதான். அதே வாரம் அண்ணாச்சி கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார். போன கார்த்திகையில் தாவீது கிண்டியில் ஒரு கம்பெனி வேன் ஓட்டச் சேர்ந்தான்.