செத்திருக்க வேண்டிய புள்ளிகள்

திருநெல்வேலியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் ஒரு ஜீனைப் பற்றி எனக்கு ஒரே கேள்விதான். அது இல்லாமல் செல் பிழைக்குமா, பிழைக்காதா?

நான் எடுத்துக்கொண்ட ஈஸ்ட் செல்லில் அந்த ஜீன் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்றை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஈஸ்டைக் கொல்லும் ஒரு மருந்தைத் தாங்கும் வேறு ஜீனை வைத்தேன். அந்தச் செல் நாலு வித்துகளாகும். இரண்டுக்கு ஜீன் கிடைக்கும். மற்ற இரண்டுக்கு மருந்தைத் தாங்கும் சக்திதான் கிடைக்கும். நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியால் நாலையும் தனித்தனியாகப் பிரித்து, சத்துக்கூழ் பரப்பிய தட்டில் வரிசையாக வைப்பேன். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் ஊசி ஆடிவிடும்.

மே மாதம் வைத்த தட்டுகளில் வரிசைக்கு இரண்டு வளர்ந்தன, இரண்டு செத்தன. என் வழிகாட்டியான மேடம், இந்த ஜீன் இல்லாமல் உயிரே இல்லை என்று கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி இதழிலிருந்து கேட்டார்கள். ஐப்பசி மழை நேரத்தில் மறுபடியும் வித்துகளைப் பிரித்து வைத்தேன். சில நாள் கழித்துத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். செத்திருக்க வேண்டிய இடங்களில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள்.

"வேற எதுவோ விழுந்து வளந்திருக்கு. தூரப் போடு" என்றார் மேடம்.

"எல்லா வரிசையிலயும் சொல்லிவச்ச மாதிரி ரெண்டு ரெண்டாவா மேடம் விழும்?"

"அப்போ நான் அனுப்புனது தப்புன்னு சொல்லுதியா?"

"மருந்துத் தட்டுல வச்சுப் பாத்துருதேன் மேடம்."

மருந்தில் வளர்ந்தால் அவை ஜீன் இல்லாத செல்கள்தான். மறுநாள், தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரை அவரே திறந்தார். புள்ளிகள் அத்தனையும் வளர்ந்திருந்தன.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மே மாசம் இங்கன ஏசி ஓடுச்சா?"

ஓடவில்லை. எங்கள் இன்குபேட்டரால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. அறை கொதித்தால் உள்ளே தட்டும் கொதிக்கும்.

அதே செல்களை இரண்டு தட்டில் வைத்தோம். ஒன்று வழக்கமான சூட்டில், மற்றது மே மாதச் சூட்டில். சூடான தட்டில் ஜீன் உள்ளவை மட்டும் வளர்ந்தன. வெக்கையில்தான் செல்லுக்கு அந்த ஜீன் வேண்டியிருந்தது.

மேடம் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அதன்பின் பல நாள் வேலையைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை. சரியான பதிலைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கும் வரவில்லை.

ஒருநாள் ஊசி முன்னால் குனிந்திருந்தேன். பின்னால் வந்து நின்றார். "ஏ பிள்ள, கட்டுரையப் புதுசா எழுதுவோம். தலைப்பு நீ வையி" என்றார். ஊசியிலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினேன்.